கிஃப்ட் கார்டு கோடு வேலை செய்யலையா? இதையெல்லாம் செக் பண்ணுங்க!

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய கிஃப்ட் கார்டு, பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் உங்க போனில் 'செல்லாது' என்கிறதா? முதலில் நாட்டைப் பாருங்க. அமேசான்.காம் கார்டு, அமேசான்.இன் தளத்தில் எடுபடாது. அடுத்து, எழுத்து. 0-வும் ஓ-வும் குழப்பும். 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தால் விஷயமே வேற. வாங்கியவரிடம் பில்லைக் கேட்டு, கார்டு கொடுத்த நிறுவனத்தில் உடனே புகார் செய்யுங்க.

காலாவதின்னு சொல்றாங்களா? வங்கி, வாலட் கார்டுகளுக்குக் குறைந்தது 1 வருஷம் ஆயுள் தரணும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2021 வழிகாட்டுதல். ஒரே நிறுவனத்தில் மட்டும் செல்லும் அதன் சொந்த கார்டு இந்த விதிக்குள் வராது. சிக்கலே அங்கதான்! வாங்கும்போதே தேதியைப் பார்த்துடுங்க. நிறுவனம் கைவிரித்தால், நுகர்வோர் உதவி எண் 1915.

'சரிபண்ணித் தர்றேன், கோடை அனுப்புங்க'ன்னு யார் கேட்டாலும் அனுப்பாதீங்க. கோடுதான் பணம். ஏமாந்துட்டா, தாமதிக்காம 1930-க்கு அடிங்க.