கவிழ்த்துப் பாருங்கள்!

சென்ற இதழில் ஜன்னல் திரைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "பரணில் பாட்டி காலத்துப் பூ ஜாடிகள் நாலைந்து தூசி படிந்து கிடக்கின்றன. கழித்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கும், அவரைப் போலப் பரணைப் பார்த்து முழிக்கிற மற்றவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான். முதலில் ஜாடியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அப்புறம் முடிவு பண்ணலாம்.

ஜாடியின் ஜாதகம் அடியில்தான் இருக்கும். 'செக்கோஸ்லோவாகியா' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது 1918-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அந்தத் தேசம் பிறந்ததே அந்த வருஷம்தான். 1992 முடிவோடு அந்தப் பெயரும் மறைந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று போட்டிருந்தால் இன்னும் விசேஷம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் அமெரிக்காவின் பிடியில் இருந்தபோது, 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிக்காகச் செய்த சாமான்களில் போட்ட முத்திரை அது. சரித்திரப் பாடத்தில் தூங்கிய எனக்கே இதெல்லாம் ஜாடியைப் பார்த்துத்தான் மண்டையில் ஏறியது!

எழுத்தே இல்லையா? அடிவளையத்தைத் தடவிப் பாருங்கள். பல வருஷம் அலமாரியில் இழுபட்ட ஜாடிக்கு, சின்னச் சின்னக் கீறல்கள் நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும். ஒரே திசையில், ஒரே ஆழத்தில் கீறல் இருந்தால் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பிறகு விரலால் சுண்டுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதேதான். 'டிங்' என்று நீளமாக ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றால் எங்கோ விரிசல். அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே ஒரு உயரமான டம்ளரை இறக்கி, அதில் தண்ணீரும் பூவும் வைத்தால் போதும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போனபோது, முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றினேன். பழம்பொருள் கடைகளுக்கு அந்தத் தெரு பேர் போனது. நகரத்தார் குடும்பங்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று தொழிலுக்குப் போய்ச் சம்பாதித்து, வீடு நிறையச் சாமான் சேர்த்தவர்கள். பெண்ணுக்குச் சீர் கொடுத்ததே அறை அறையாக அடுக்கியிருக்குமாம். பேரன் பேத்திகள் பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாமான்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு வருகின்றன. ஆளுயர பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குகள், கண்ணாடிப் பூச்சாடி, பித்தளை அண்டா என்று வாசல் வரை குவியல். நீல நிறத்தில் கழுத்து ஒடுங்கிய ஒரு கண்ணாடி ஜாடியைத் தொள்ளாயிரத்தில் ஆரம்பித்து அறுநூறு ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். பக்கத்திலேயே ஒரு செம்பு இருந்தது. கழுத்தில் புள்ளி புள்ளியாக யாரோ ஒரு ஆச்சியின் பெயர். விலை சல்லிசுதான். ஆனாலும் அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாமியாரின் கிராமத்து வீட்டை விற்க ஏற்பாடாயிற்று. கூடத்தில் பாத்திரங்களையெல்லாம் இறக்கிக் குவித்திருந்தார்கள். தராசோடு ஆளும் வந்தாயிற்று.

"அண்ணி, பித்தளைக்கு இப்போ நல்ல விலை. மொத்தமா எடைக்குப் போட்டுடலாம். இந்தக் காலத்துல யாரு இதைத் தேய்க்கிறது?" என்றார் கொழுந்தனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் அத்தனையையும் வைக்க இடம் ஏது?

மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாயே திறக்கவில்லை. கூஜா தராசில் ஏறும்போது மட்டும், "அந்த மூடியைக் கவுத்துப் பாரும்மா" என்றார் என்னிடம். உள்பக்கம் அவர் பெயரும் 1966 என்ற வருஷமும் வெட்டியிருந்தது. "எங்கப்பா குடுத்தது. ரயில்ல வரும்போது அதுலதான் தண்ணி."

"தம்பி, இதையும் அந்தச் செம்பையும் நான் எடுத்துக்கறேன். எடைக்கு என்ன உண்டோ கொடுத்துடறேன்" என்றேன். "காசெல்லாம் எதுக்கு அண்ணி" என்று எடுத்து வைத்துவிட்டார். மீதி எல்லாம் போயிற்று. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ முடியாது. ஆனால் எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, பெயர் யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. உருக்கிய பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

அந்தக் கூஜாவில் இப்போது மஞ்சள் சாமந்தி வைக்கிறேன். பித்தளைக்கும் சாமந்திக்கும் அப்படி ஒரு பொருத்தம். கோழிக்கொண்டையும் ஜோராக இருக்கும். சம்பங்கிக்கு மட்டும் ஒடுங்கிய கண்ணாடி ஜாடிதான். ஒரு மேஜைக்கு ஒரு ஜாடி போதும். ஏழெட்டை வரிசையாக நிறுத்தினால் பாத்திரக்கடை ஆகிவிடும். டி.வி. மேல் வைத்த காலமும் போயிற்று. இப்போதைய டி.வி.க்கு மேல்பக்கமே இல்லையே!

சுத்தம் செய்வதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சாதாரணச் செம்புக்குப் புளி போதும். சித்திர வேலை உள்ளதைச் செங்கல்பொடி, கம்பி நார் போட்டுத் தேய்த்தால் வேலைப்பாடே மழுங்கிவிடும். மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும்தான் அதற்கு. தங்கக்கோடு போட்ட பீங்கானில் எலுமிச்சை கூடவே கூடாது. பழைய கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் படீரென்று விரியும். உள்ளே உப்புத் தண்ணீர்க் கறை வெள்ளையாகப் படிந்திருந்தால், வினிகரை ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். கை நுழையாத கழுத்தா? ஒரு பிடி பச்சரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் பளிச்சென்று ஆகிவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். வர்ணப் பூ வரைந்த பழைய பீங்கான் ஜாடி அழகாக இருக்கிறதே என்று அதில் ஊறுகாய் போட்டுவிடாதீர்கள். பழைய மெருகிலும் வர்ணத்திலும் காரீயம் இருக்கலாம். புளிப்பு பட்டால் அது கரைந்து உணவில் சேரும். காரீயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எதில் செய்தது என்று தெரியாத ஜாடி பூவுக்கு மட்டும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன கலைப்பொருளைத் தனிமனிதர்கள் தேசத்தை விட்டு எடுத்துப்போக முடியாது. பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு விமான நிலையத்தில் அவள் கையைப் பிசைய வேண்டாம்.

பூ வைக்கும் ஜாடியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றுங்கள். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. நல்ல தண்ணீர் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். முட்டை ஜாடியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்தும் கழுவ வேண்டும். கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள், ஜாடிகளைத் தேய்த்துத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டைப் பூட்டுங்கள்.