டிக் விழுந்தா போதுமா பாஸ்?

இந்த வாரம் நான் பல்பு வாங்கின கதை. எலக்ட்ரிகல் ஸ்டூடண்ட் பல்பு வாங்குறதுல என்னடா நியூஸ்னு சிரிக்காதீங்க. மேட்டர் கொஞ்சம் சீரியஸ்.

போடிக்குப் பக்கத்துல சிலமலை, எங்க மாமா ஊர். மலையில இருந்து இறங்குற ஏலக்காயை ரகம் பிரிக்க, வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்துல ஷெட் போட்டார். லைட், ஃபேன், தூசி ஊத ஒரு சின்ன மோட்டார். "மாப்ள, நீதான் இன்ஜினீயராச்சே, வயரிங் பிளானை நீயே போடு"ன்னுட்டார். விடுவோமா?

வயரிங் டிசைனுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. லோடு, வயர் சைஸ், நீளம் கொடுத்தா, ஃபால்ட் வரும்போது எம்.சி.பி. டிரிப் ஆகுமா ஆகாதான்னு கணக்குப் போட்டுச் சொல்லும். 16 ஆம்ப் சி டைப் எம்.சி.பி., 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், நீளம் 40 மீட்டர்னு தட்டினேன். எல்லாம் பச்சை டிக். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

வயரிங் பண்ண வந்த அண்ணன் பிரிண்ட் அவுட்டைப் பார்த்தார். "தம்பி, 40 மீட்டர் எங்க இருந்து வந்துச்சு?"

"பிளான்ல அளந்தேன்ணே."

"வயர் என்ன காக்காவா, நேரா பறக்க? கிணத்தைச் சுத்தி, வேலியோரமாப் போகணும். டேப்பைப் பிடிங்க."

அளந்தா 120 மீட்டர்! மறுபடி கணக்கு. போக வர 240 மீட்டர் வயர், சூடான நிலையில ரெசிஸ்டன்ஸ் சுமார் 2.1 ஓம். 230 வோல்ட்டை அதால வகுத்தா ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 108 ஆம்ப்தான். சி டைப் சட்டுனு டிரிப் ஆக ரேட்டிங்கைப் போல 5-ல இருந்து 10 மடங்கு கரண்ட் வேணும். அதாவது 160 ஆம்ப் வந்தாத்தான் கேரண்டி. 108-னா உடனே டிரிப் ஆகலாம், இல்ல வயர் சூடேறுற வரைக்கும் யோசிச்சுக்கிட்டும் இருக்கலாம். வயரை 6 ஸ்கொயர் எம்.எம். ஆக்கினதும் கரண்ட் 260-ஐத் தொட்டுச்சு. மறுபடி டிக்.

அண்ணன் விடலை. "எர்த்துக்கு என்ன கொடுத்தீங்க?"

அங்கதான் பெரிய பல்பு. சாஃப்ட்வேர்ல டி.என்.-எஸ். முறைன்னு இருந்ததை நான் மாத்தவே இல்லை. அதுல எர்த் ஃபால்ட் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப தனி வயர் உண்டு. மாமா வீட்டுல இருக்கிறது டி.டி. முறை. நம்ம எர்த் குழி வழியா மண்ணுக்குள்ளதான் கரண்ட் திரும்பணும். மலையடிவாரப் பாறை மண், அதுவும் சித்திரை வெயில்ல காய்ஞ்சு கிடந்தா ரெசிஸ்டன்ஸ் எகிறும். மொத்தம் 20 ஓம்னு வைங்க. கரண்ட் 11.5 ஆம்ப்! 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு மாதிரிதான். டிரிப்பே ஆகாது. மோட்டார் பாடியில ஆளைக் கொல்ற வோல்டேஜ் நிக்கும். அந்த ஷெட்ல ஏலக்காய் பிரிக்கப் போறது எங்க அத்தையும் பக்கத்து வீட்டு அக்காக்களும். நினைச்சாலே வயித்தைக் கலக்குச்சு.

இதுக்குத்தான் ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புற கரண்டும் 30 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டாலே கட் பண்ணிடும். வீட்டு இணைப்புக்கு இந்த 30 மில்லி ஆம்ப் பாதுகாப்பை மத்திய மின்சார ஆணைய விதிகளே சொல்லுது. ஆனா ஓவர்லோடை அது பார்க்காது, அதுக்கு எம்.சி.பி.யும் கூடவே வேணும். ரெண்டையும் மாட்டியாச்சு.

சாஃப்ட்வேர் மேல தப்பே இல்லை பாஸ். நாம கொடுத்த நம்பருக்குத்தான் அது டிக் போடும். ப்ராஜெக்ட் பண்றவங்க பிரிண்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி நீளத்தையும் எர்த்தையும் நேர்ல போய்ப் பாருங்க. மத்தவங்க இன்னைக்கே வீட்டு மெயின் போர்டுல 'டி'ன்னு ஒரு குட்டி பட்டன் இருக்கான்னு தேடுங்க. இருந்தா அழுத்துங்க, கரண்ட் கட் ஆகணும். ஆகலைன்னா, பட்டனே இல்லைன்னா, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு உடனே ஒரு போன் போடுங்க!