தீ கக்கும் பல்லியும் பிரிக்காத பொட்டலமும்

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதை நெடுகக் கடைகள் முளைப்பது அடி அண்ணாமலையில் வாழும் நமக்குப் புதிதன்று. பலூனுக்கும் ஊதுகுழலுக்கும் நடுவே இப்போது பொக்கிமான் அட்டைப் பொட்டலங்களும் தொங்குகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைப் பிரித்துப் பிரித்துத் தேடுவது ஒன்றையே: சாரிசார்ட். சிறகும், வாலில் தீயும் கொண்ட பல்லி போன்ற உருவம் அது.

இவ்விளையாட்டு ஜப்பானில் 1996இல் வெளிவந்தது. அதன் முதல் தொகுதியிலேயே சாரிசார்ட் இடம்பெற்றது. 120 உயிர்ப்புள்ளிகள், ஒரே தாக்குதலில் 100 சேதம். பிள்ளைகளைக் கேட்டால் இதை வெல்ல எதுவுமில்லை என்பர். ஆடிப் பழகியவர்களின் கருத்தோ வேறு. சார்மாண்டரை முதலில் இறக்கி, அதைச் சார்மீலியனாக வளர்த்து, அதன்பின்னரே சாரிசார்டைக் கொண்டுவர முடியும். தாக்குவதற்கு நான்கு ஆற்றல் வேண்டும். ஒரு முறைக்கு ஓர் ஆற்றல் அட்டையே சேர்க்கலாம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் இரண்டை இழக்கவும் வேண்டும். அதற்குள் ஹிட்மான்சான், எலக்டபஸ் போன்ற எளிய அட்டைகள் அடித்து முடித்துவிடும். அக்காலப் போட்டிகளில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரிதும் நம்பியது அவற்றைத்தான். ஆயினும் 2022இல் முதற்பதிப்புச் சாரிசார்ட் ஒன்று 4 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஆடுவோர் இட்ட மதிப்பு ஒன்று, சந்தை இட்ட மதிப்பு வேறொன்று.

நம் பெரியவர்கள் பலர் இவ்வட்டைகளைக் கண்டதும் 2001ஆம் ஆண்டை நினைவுகூர்கின்றனர். அவ்வாண்டில் சவூதி அரேபிய மார்க்க அறிஞர்கள் பொக்கிமானைத் தடுத்துத் தீர்ப்பளித்தார்கள். சூதாட்டத்தின் சாயல் உண்டு என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் முதன்மையானது. அக்கவலையை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆவது வசனம் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்தே விலக்குகிறது. ஆனால் சூது எங்கே நுழைகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? ஆட்டத்தில் 'பரிசு அட்டைகள்' ஆறு உண்டு. பெயரைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. எனினும் அவை அவரவர் கட்டிலிருந்தே எடுத்து வைக்கப்பட்டு, அவரவரிடமே திரும்புகின்றன. எவர் பொருளும் கைமாறுவதில்லை.

உருவத்தைப் பற்றியும் ஒரு சொல். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கிடையே சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததும், அதைக் கண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. சிறகுள்ள பல்லியைக் கண்டதும் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக் கிழிப்பதை நாம் ஏற்கவில்லை.

நாம் அஞ்சுவது வேறு இரண்டை. ஒன்று, தெருமுனையில் நடப்பது: அட்டையைத் தரையில் வைத்து அறைந்து, அது புரண்டால் எடுத்துக்கொள்வது. ஒருவன் இழந்ததை மற்றவன் கொண்டுபோகிறான்; இது வெளிப்படையான சூது. மற்றொன்று, பிரிக்காத பொட்டலம். உள்ளே இருப்பது தெரியாது. சாரிசார்ட் வரும் என்னும் ஆசையில் பத்தும் இருபதுமாகக் காசு கரைகிறது. வேண்டாத அட்டைகள் சாக்கடையில் மிதக்கின்றன. கிடைத்தாலும் அது பெரும்பாலும் போலி அச்சே. இத்தகைய வியாபாரம் மார்க்கம் தடுத்த 'கரர்' ஆகுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். நம் வீட்டில் பொட்டலம் வாங்குவதை நிறுத்திவிட்டோம். வேண்டுமானால் கண்ணால் பார்த்து, விலை பேசி, ஒற்றை அட்டையாக வாங்கட்டும்.

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் தெருப் பிள்ளைகள் இருவரைத் திண்ணையில் அமர்த்தி, விதிப்படி ஆடக் கற்றுக்கொடுத்தோம். ஆற்றலுக்கு வண்ணக் காகிதம், சேதத்தைக் கணக்கிடப் புளியங்கொட்டை. சாரிசார்ட் வைத்திருந்தவன் அதை இறக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. கையிலிருந்த அட்டையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மஃக்ரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்கிறதா என்று கேட்டான்.