லெட்சுமி ஏன் கன்று வீசினாள்?

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே ஆசிரியர் இதைச் சொல்லித் தந்தார். ஆனால், அந்தச் செல்வத்திற்கு நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்ப்பள்ளியிலும் சரி, பின்னர் படித்த தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில். இன்று அப்பெயரைச் சொன்னால் நெடுஞ்சாலையும் பேரங்காடியும்தான் நண்பர்களின் நினைவுக்கு வருகின்றன. என் தாத்தாவுக்கோ தெப்ராவ் என்றால் பால்மரக் காடு. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான்கள் எழுந்தபோது லயத்து வீடு போயிற்று. தாத்தா தம் மாடுகளை மட்டும் விடவில்லை. பெரிய மின்கம்பிகள் செல்லும் தடத்தின் கீழே இருந்த புல்வெளிதான் மேய்ச்சல் நிலம். விடியற்காலையில் கறந்து, போத்தல்களில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டு போவார். என் அம்மா படித்தது அந்தப் பால் பணத்தில்தான்.

2019ஆம் ஆண்டு. நான் படிவம் நான்கில் இருந்தேன். ஒரு நாள் காலை கொட்டகையிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது.

"லெட்சுமி கன்னு வீசிட்டாம்மா..."

ஏழு மாதச் சினை. மண்ணில் கிடந்த கன்றுக்கு உயிர் இல்லை. பாட்டி, கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நஞ்சுக்கொடி விழவில்லை. தாத்தா வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தார். அதைச் சாக்கில் கட்டிப் பின்புறம் நின்ற பால்மரத்தில் தொங்க விட்டார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அடுத்த மாதமே லெட்சுமியை உலு திராம் பக்கம் மாடு வைத்திருந்த ஒருவருக்கு விற்றுவிட்டார். அவள் கன்று வீசிய கதையை வாங்கியவரிடம் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அவருடைய பசு ஒன்றும் கன்று வீசியதாகக் கேள்விப்பட்டோம். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆண்டின் இறுதியில் தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. வருவதும் போவதுமாக வாரக்கணக்கில் நீடித்தது; இரவில் வேர்வை, மூட்டுகளில் வலி. டெங்கி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மாடு வளர்க்கிறீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. வளர்க்கிறோம் என்று நாங்களும் சொல்லவில்லை. காய்ச்சல் தானாகவே போயிற்று. அது எந்தக் கிருமியால் வந்தது என்பது இனித் தெரியப் போவதில்லை. லெட்சுமிக்கு வந்ததும் அப்படியே. சோதிக்காமல் விட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

கிருமியின் வழி

பசு கன்று வீசுவதற்குக் காரணங்கள் பல. அடிபடலாம், தீவனத்தில் குறை இருக்கலாம். ஆனால், ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு கன்று வீசி, நஞ்சுக்கொடியும் விழாமல் நின்றால் முதலில் ஐயப்பட வேண்டியது புரூசெல்லா என்னும் பாக்டீரியாவை. சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற ஒரு பொருள் உள்ளது. இக்கிருமிக்கு அது விருந்து. அங்கே கோடிக்கணக்கில் பெருகி, நஞ்சுக்கொடியை அழித்து, கன்றைக் கொல்கிறது. விழுந்த கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் வடியும் நீரிலும் கிருமி நிறைந்திருக்கும். பக்கத்து மாடு அதை முகர்ந்தாலோ அந்த இடத்துப் புல்லைத் தின்றாலோ போதும்.

இதில் கொடுமை என்னவென்றால், பாதிக்கப்பட்ட பசு பெரும்பாலும் ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்று போடும். "பார்த்தாயா, சரியாகிவிட்டது" என்று நாம் மகிழ்வோம். கிருமியோ உள்ளேயே தங்கி, பாலிலும் ஈன்ற பின் வடியும் நீரிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். நல்ல மாடு என்று நம்பி வாங்குபவர் தம் கொட்டகைக்கு நோயையும் சேர்த்தே ஓட்டிச் செல்கிறார்.

புரூசெல்லா மட்டுமே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியாலும் மாடு கன்று வீசும். மனிதருக்கு வரும் இந்நோயை மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பது நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் விதியாயிற்று. கேம்பிலோபேக்டர் என்ற இன்னொன்று காளை வழியாகப் பரவும். ஒரே காளையைப் பல வீட்டுப் பசுக்களுக்கும் விடும் நம் வழக்கம் அதற்கு நல்ல வாகனம்.

பினாங்கு சொன்ன பாடம்

இது மாட்டோடு முடிந்துவிடும் நோயா? இல்லை. பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணையின் உரிமையாளர் மூன்று வாரக் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார். டெங்கி, மலேரியா எதுவும் இல்லை. காய்ச்சாத ஆட்டுப்பாலைத் தாமும் குடித்துப் பிறருக்கும் விற்றவர் என்று தெரிந்த பிறகே மருத்துவர்கள் புரூசெல்லாவைத் தேடினார்கள். ஓராண்டிற்குள், அப்பண்ணைப் பாலைக் குடித்த 79 பேருக்கு இந்நோய் உறுதியானது. இரத்த மாதிரிகளைக் கையாண்ட ஆய்வுக்கூடப் பணியாளர் நால்வருக்கும் தொற்றியது. நோய் தோன்றியதிலிருந்து கண்டுபிடிக்கும் வரை சராசரியாக 53 நாள்கள் ஆயின. 2015இல் வெளிவந்த மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் இவ்விவரங்கள் உள்ளன. அதைப் படித்தபோது என் தாத்தாவின் காய்ச்சல்தான் கண்முன் வந்தது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் கற்ற பாடம் இது. மால்டா தீவில் ஆங்கிலேயப் படைவீரர்கள் காய்ச்சலில் மாண்டபோது, 1887இல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை தெரியவில்லை. மால்டா நாட்டு மருத்துவரான தெமிஸ்டோக்கிளீஸ் சம்மிட்தான், நோயே இல்லாததுபோல் தோன்றிய ஆடுகளிடம் அக்கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார். 1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது. நாம் இன்றும் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று பச்சை ஆட்டுப்பாலைத் தேடி வாங்குகிறோம்!

கன்றின் வயிறு

உயிரோடு பிறந்த கன்றுக்கும் ஆபத்து விலகிவிடவில்லை. ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் குடலைத் தாக்க, கழிச்சல் கண்டு சில நாள்களிலேயே கன்று இறந்து போகும். பெரும்பாலும் அதைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிப் போவதுதான். பசுவின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குத் தாயிடமிருந்து நோய் எதிர்ப்பாற்றல் கிடைப்பதில்லை. சீம்பாலில்தான் அது வருகிறது. அதைக் குடலால் ஏற்றுக்கொள்ள முடிவதும் முதல் ஒரு நாளுக்குள்தான். அதிலும் முதல் ஆறு மணி நேரமே சிறந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சீம்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்து அண்டை வீட்டாருக்கெல்லாம் கொடுக்கிறோம். பகிர்ந்துண்ணும் பண்பு நல்லதுதான். கன்று வயிறாரக் குடித்த பிறகு பகிரலாமே!

மறைப்பது யார் குற்றம்?

நம் நாட்டு மாடுகளில் புரூசெல்லா முதன்முதலில் 1950இல் கண்டறியப்பட்டது. 1979 முதல் அதை ஒழிக்கும் திட்டம் நடக்கிறது. இரத்தத்தைச் சோதித்து, நோயுள்ள மாட்டை அறுப்பதே அதன் வழி. அறிவியல்படி இது சரியே. கிருமி உயிரணுவுக்குள் ஒளிந்து வாழ்வதால் மாட்டிற்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது நடைமுறையில் இயலாத காரியம்.

ஆனால், ஆறு மாடு வைத்திருக்கும் ஒரு கிழவரின் இடத்திலிருந்து பாருங்கள். கொட்டகை இருக்கும் நிலம் அவருடையதன்று. அதிகாரி வந்தால் முதலில் நிலத்தைப் பற்றிக் கேட்பாரோ என்ற அச்சம். மாட்டை அறுத்தால் மகள் மகன் போல வளர்த்ததை இழக்க வேண்டும். என்ன இழப்பீடு, எப்போது வரும் என்பதும் தெரியாது. அப்படியானால், விற்றுவிடுவதுதானே எளிது? என் தாத்தா செய்தது தவறு. அந்தத் தவறுக்கு அவரைத் தள்ளியதில் அறியாமைக்கும் அச்சத்திற்கும் பங்குண்டு. இழப்பீடு உரிய அளவில் உடனே கிடைக்கும் என்ற உறுதியை அவர் மொழியிலேயே சொல்லியிருந்தால், அவர் அதிகாரியை அழைத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

மாடுகளைக் கொல்ல மக்கள் உடன்படாத இந்தியாவில் வேறு வழியைத் தேர்ந்தார்கள். எங்கள் லெட்சுமி கன்று வீசிய அதே 2019ஆம் ஆண்டில், நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டம் நாடு தழுவிய அளவில் அங்குத் தொடங்கியது. எந்த வழியானாலும் மாடு வளர்ப்பவரின் ஒத்துழைப்பு இல்லாமல் வெற்றி பெறாது.

நாம் என்ன செய்யலாம்?

பாலைக் கொதிக்கக் காய்ச்சிக் குடிப்போம். ஆலய அபிடேகத்திற்குப் பச்சைப்பால் கொடுப்பதில் தடையில்லை. அதை வீட்டிற்கு எடுத்து வந்தால் காய்ச்சிய பின்னரே பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கன்று வீசினால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். வீட்டில் கருவுற்ற பெண்கள் இருந்தால் அருகிலேயே விட வேண்டாம். கால்நடைத் துறைக்குத் தெரிவிப்போம். அவர்கள் வந்து பார்த்த பின் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைப்போம். சோதனை முடியும்வரை அந்த மாட்டை விற்க வேண்டாம். நீண்ட காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் "எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது" என்று நாமே சொல்வோம்.

இவை ஒரு பக்கத் துண்டறிக்கையில் அடங்கிவிடும் செய்திகள். அதை எழுத வேண்டியவர்கள் யார்? தமிழும் அறிவியலும் ஒருசேரப் படித்த நாம்தான். இந்நோயை நான் பல்கலைக்கழகத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். தமிழில் என்ன சொல்வது என்று தெரியாமல் தேடினேன். தமிழகத்தில் இதற்குக் 'கன்று வீச்சு நோய்' என்று பெயர். படித்ததும் திகைத்துப் போனேன். அன்று காலை கொட்டகையில் தாத்தா சொன்ன அதே சொல்! சொல் அவரிடம் இருந்தது. விளக்கம் பாடநூலில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஆள் இல்லாமல் போயிற்று.

சென்ற தீபாவளி விடுமுறையில் தாத்தாவிடம் எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்கினேன். நெடுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "லெட்சுமிய வாங்குனவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்மா" என்றார். இப்போது அவரிடம் இரண்டு மாடுகள்தான் உள்ளன. மறுவாரமே இரண்டிற்கும் இரத்தச் சோதனை செய்ய அவரே விண்ணப்பித்தார்.

தோழர்களே, அடுத்த முறை வீட்டிற்குப் போகும்போது, உங்கள் ஊரில் மாடு வைத்திருக்கும் ஒருவரிடமாவது இதைப் பேசிப் பாருங்கள்.