புல்வெளியைத் தின்னும் பசுமைக் கணக்கு

நீலகிரியிலோ பழனி மலையிலோ ஒரு புல்வெளிச் சரிவை அந்நியச் சீகை மரம் (வாட்டில்) மூடிவிட்டால், அரசின் கணக்கேட்டில் காடு பெருகியதாகப் பதிவாகும். அதே சரிவில் வனத்துறை ஊழியர்கள் மழையிலும் பனியிலும் நின்று சீகையை அகற்றிப் புல்லை மீட்டால், காடு குறைந்ததாகப் பதிவாகும். கெடுத்தவருக்குப் பாராட்டும் திருத்தியவருக்குக் கெட்ட பெயரும் தரும் இந்தக் கணக்கு முறையை வன்மையாகக் கண்டிக்கிறோம். இதைத் திருத்தும் பொறுப்பு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் தமிழக அரசுக்கும் சம அளவில் உண்டு.

இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் விதி எளிமையானது. ஒரு எக்டேர் நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் விழுந்தால் அது வனப்பரப்பு. அது என்ன மரம், உள்நாட்டு மரமா, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்றெல்லாம் விதி கேட்பதில்லை. புதர்நிலத்தையும் சீரழிந்த மேய்ச்சல் நிலத்தையும் தரிசுப் பட்டியலில் அடுக்குகிறது மத்திய அரசின் இன்னொரு வரைபடத் தொகுப்பு. மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு மரப்போர்வை வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு தேசிய வனக் கொள்கை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவோம் என்கிறது தமிழகத்தின் பசுமை இயக்கம். புதர்நிலத்திலும் தரிசிலும் மரம் நட்டால் பசுமைக் கடன் புள்ளி தருகிறோம் என்கிறது டெல்லி. இத்தனை இலக்குகளுக்கும் நிலம் தேடிப் போகும் அதிகாரியின் கண்ணுக்கு, மரமில்லாத மலைச்சரிவு காலி மனையாகத்தானே தெரியும்?

அது காலி மனை அல்ல. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மக்கிய மண்ணை ஆராய்ந்து அறிவியலாளர் ஆர்.சுகுமார் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, அங்கே 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல்வெளி இருந்ததைக் காட்டியது. காட்டை அழித்ததால் வந்த வெட்டவெளி இது என்ற பழைய வாதம் அன்றே அடிபட்டுப் போயிற்று. அந்த மண்ணில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பருவமழை ஓய்ந்த காலங்களில் வறட்சி தாங்கும் புல்வகைகள் ஓங்கின; மழை வலுத்தபோது வேறு தாவரங்கள் மேலெழுந்தன. உள்ளே இருக்கும் இனங்களின் விகிதம் மாறியது, புல்வெளி நிலைத்தது.

குனிந்து பார்த்தால் இதன் சூட்சுமம் தெரியும். புல் கொத்தின் குருத்து மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கிறது. மேலே உறைபனி கருக்கினாலும் தீ தின்றாலும், அடியில் உயிர் தப்பி மறு மழைக்குத் துளிர்க்கிறது. கொத்துகளின் இடுக்கில் தரை ஆர்க்கிட்டுகள் கிழங்காக உறங்குகின்றன. ஈரம் கசியும் இடத்தில் பூச்சி பிடிக்கும் பனித்துளிச் செடி பிசுபிசுப்பான இலையை விரிக்கிறது. சரிவில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. தோடர்கள் கோவில் கூரை வேயும் சதுப்புப் புல் நீலகிரிக்கே உரியது. வரையாடு மேய்வதும் இங்கேதான். பனியையும் தீயையும் தாங்கும் இந்தச் சமூகம் ஒன்றை மட்டும் தாங்காது: நிழலை.

அந்த நிழலை நாம் கொண்டுபோய்க் கொட்டினோம். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை, விறகுக்கும் ஆலைக் கூழுக்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), கூடவே பைன். 2018-ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வின்படி, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி தொலைந்தது. தோட்ட மரங்களின் பரப்போ 12 மடங்கு பெருகியது. நடுவதை நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை, தானே பரவுகிறது. வேரில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணையே மாற்றுகிறது. சத்து குறைந்த மண்ணுக்குப் பழகிய புல், நிழலிலும் உரத்திலும் தோற்று மறைகிறது. அந்த இடத்தில் உதிர்ந்த சருகும் சில களைகளும்தான் மிஞ்சும்.

இதோடு வெப்பமும் சேர்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் நீலகிரிப் புல்வெளியில் நாற்று நட்டுச் செய்த சோதனை 2020-ல் வெளியானது. உள்நாட்டுச் சோலைக்காட்டு மர நாற்றுகளை உறைபனி கொன்றது. சீகை நாற்றுகள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. குளிர் தணியத் தணிய, புல்வெளிக்கு இருந்த அந்தக் காவலும் தளர்கிறது. மனிதர் தலையிடாவிட்டால் இந்தப் பந்தயத்தில் யார் வெல்வார் என்பதில் சந்தேகமே இல்லை.

புல்லுக்காக இவ்வளவு அழுகையா என்று கேட்போர் சமவெளியின் குடிநீரை நினைத்துப் பார்க்கட்டும். பவானியும் பைக்காராவும் இந்தச் சரிவுகளில்தான் பிறக்கின்றன. உதகை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் சிற்றோடைப் படுகைகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டது. கற்பூர மரம் நட்ட படுகையில் முதல் சுழற்சியிலேயே நீர்வரத்து 16 சதவீதம் சரிந்தது. வெட்டிய மரம் மறுதாம்பு விட்டபோது இழப்பு மேலும் கூடியது. அரசு நிறுவனமே கண்டறிந்த உண்மை இது. அரசின் இலக்குகளில் மட்டும் இதற்கு இடமில்லை.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கை வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் வெட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது ஏமாற்று. மண்ணில் பல பத்தாண்டுகள் காத்துக் கிடக்கும் சீகை விதை, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். மரத்தை ஏலம் விட்டுப் பணத்தை வரவு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால், பழையதைவிட நெருக்கமான சீகைக் காடுதான் மிஞ்சும். முதிர்ந்த தோட்டத்தின் அடியில் சோலைக் கன்றுகள் எழுந்து வரும் இடங்களில் மொட்டையாக வெட்டுவதும் அதே அளவு மடமை.

நாம் கேட்பது இவ்வளவே. வன அளவாய்வு நிறுவனத்தின் வன நிலை அறிக்கையில் மலைப் புல்வெளிக்குத் தனிப் பத்தி வேண்டும். அங்கே அந்நிய மரம் கூடினால் அது இழப்பு என்றும், புல் மீண்டால் ஆதாயம் என்றும் எழுதப்பட வேண்டும். இயற்கைப் புல்வெளிகளைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கி, மரம் நடும் திட்டங்களுக்கும் பசுமைக் கடனுக்கும் அவற்றைத் தடைசெய்த பகுதியாக அறிவிக்க வேண்டும். தமிழகத்தின் 33 சதவீத இலக்கில் மலைமுகட்டுப் புல்வெளி ஒரு சதுர அடிகூடச் சேரக் கூடாது. எஞ்சிய புல்வெளியின் ஓரங்களில் இப்போதுதான் தலைகாட்டும் சீகைக் கன்றுகளை முதலில் பிடுங்க வேண்டும். குறைந்த செலவில் நிறைந்த பலன் அங்கேதான். வெட்டிய இடங்களில் ஆண்டுதோறும் கன்று களையவும் உள்நாட்டுப் புல் நாற்று வளர்க்கவும் நிதி ஒதுக்கி, தோடர் உள்ளிட்ட மலைமக்களுக்கு அந்தப் பணியில் கூலியும் குரலும் தர வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய ஆணையமும் வேண்டாம். அடுத்த வன நிலை அறிக்கைக்குள் விதியைத் திருத்த முடியும். செய்யாவிட்டால், அதில் அச்சாகும் பசுமைச் சதவீதத்தைச் சாதனை என்று யாரும் எங்களிடம் சொல்லிக்கொண்டு வர வேண்டாம்.