நியூட்ரினோவும் கடவுளும்

கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவை ஒப்புக்கொள்ளுகிற நீங்கள் கடவுளை ஒப்புக்கொண்டால் என்ன என்று ஆஸ்திக நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு.

தோழர்களே! நியூட்ரினோவை நம்பும்படி யாரும் சொல்லவில்லை. 1930-ல் பௌலி என்னும் அறிஞர் அதை ஊகித்தபோது, அச்சில் வெளியிடத் துணியவில்லையென்று அவரே எழுதினார். 1956-ல் பரிசோதனையில் அகப்பட்ட பிறகே அதற்கு யோக்கியதை ஏற்பட்டது.

அதன் எடை என்ன? நமது களத்து வழக்கப்படியே சொல்லுவோம். ட்ரிட்டியம் என்னும் கனத்த ஹைட்ரஜன் அணு சிதையும்போது வெளிப்படும் சக்தியை ஒரு கலம் நெல்லாக வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானும் நியூட்ரினோவும் அதை ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால் நியூட்ரினோவுக்கு எடையிருக்குமானால், எலக்ட்ரான் எத்தனை பேராசை பிடித்த மிராசுதாராயிருந்தாலும் முழுக் கலத்தையும் வாரிக்கொண்டு போக முடியாது. அந்த எடைக்குரிய பிடி நெல் குறைந்தே தீரும். அந்தப் பிடி நெல்லைத்தான் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் தேடினார்கள்.

அதற்குச் செய்த 200 டன் பாத்திரம், 400 கிலோமீட்டர் சாலையில் இடங்கொள்ளாமல், 2006-ல் ஆறும் கடலுமாகச் சுமார் 9000 கிலோமீட்டர் சுற்றி வந்தது. கடைசியில் வீடுகளை உரசுகிறாற்போல் தெருவில் நகர்ந்த காட்சி திருவாரூர்த் தேரேதான்! நம் தேரோ நிலைக்குத் திரும்பி வருகிறது; கண்டது என்ன?

2019-ல், எடை 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலில்லை என்றார்கள். 2022-ல் 0.8; 2025-ல் 0.45. அதாவது எலக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்திலொரு பங்குகூட இல்லை. உண்மை எடை இன்னும் அகப்படவில்லையென்பதையும் அவர்களே சொல்லுகிறார்கள்.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. முழுகி எழுந்தவருக்குப் பாவம் எவ்வளவு குறைந்தது, எந்த மரக்காலால் அளந்தீர்கள் என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.