காய்ச்சல் விட்ட பிறகு ஈரலைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்துக் காய்ச்சல் வார்டுகளில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "கவுண்ட் எவ்வளவு?" ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் கண் நேராகத் தட்டணுக்கள் இருக்கும் வரிக்குப் போகிறது. ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் பதற்றம், ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்றால் அழுகை. சொந்தக்காரர்கள் ரத்த வங்கிக்கு ஓடுகிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரத்த வகையும் போன் நம்பரும் ஏறிவிடுகின்றன. அந்தத் தாளோடு சேர்த்துப் பின் அடித்த அடுத்த தாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். இந்த வாரம் அந்த இரண்டாம் தாளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் கல்லீரல் செல்களுக்குள் இருந்து வேலை செய்ய வேண்டிய நொதிகள். செல் அடிபட்டால் அவை ரத்தத்தில் கசிந்துவிடும். நல்ல உடம்பில் இரண்டும் 40 யூனிட்டைச் சுற்றியே இருக்கும். டெங்கு கண்ட பலருக்கு இந்த அளவு ஏறுகிறது. பிரேசிலில் 1,585 டெங்கு நோயாளிகளைச் சோதித்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்கு 63 பேருக்கு எஸ்ஜிஓடியும் 45 பேருக்கு எஸ்ஜிபிடியும் உயர்ந்திருந்தன. இயல்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போனவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். அதாவது டெங்குவில் ஈரல் அடிபடுவது வெகு சாதாரணம். ஆபத்தான அளவுக்கு அடிபடுவது குறைவு. அந்த நாலு பேரில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவராகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை, அதில் நம் கையில் இருக்கிற காரியமும் நிறைய உண்டு.

கல்லூரியில் படிக்கிற ஒரு பையனை அவன் அப்பா அழைத்து வந்திருந்தார். "காய்ச்சல் நேத்தே விட்டுட்டு சார். ஆனா எதைக் குடுத்தாலும் குமட்டுதுங்கான். கவுண்ட் அறுபத்திரெண்டாயிரம் இருக்கு, பயமில்லல்லா?" என்றார். பையனைப் படுக்கவைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்தேன். முகம் சுளித்துக் கையைத் தட்டிவிட்டான். இழுத்த மூச்சோடு இறங்கி வந்த ஈரலின் விளிம்பு என் விரலில் இடித்தது. இரண்டு விரற்கடை வீங்கியிருந்தது. எஸ்ஜிஓடி 640, எஸ்ஜிபிடி 310. தட்டணுக்கள் என்னைப் பயமுறுத்தவில்லை. இந்த வலியும் இந்த வீக்கமும்தான் பயமுறுத்தின.

என்னென்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கூட வந்திருந்த அவன் அம்மா மஞ்சப்பையிலிருந்து மூன்று காகிதக் கவர்களை எடுத்து மேசையில் கொட்டினார். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு நாலு. உடம்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது, நாளைக்கு இரண்டு. மூக்கொழுகலுக்கு ஒரு மாத்திரை, நாளைக்கு மூன்று. மூன்றும் மூன்று மருந்து என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தால் மூன்றிலும் பாராசிட்டமால் இருந்தது. வலி மாத்திரையில் அசிக்ளோஃபினாக்கோடு 325 மில்லிகிராம், சளி மாத்திரையில் 500. கூட்டிப் பாருங்கள்: நாளைக்கு 4,750 மில்லிகிராம். டெங்குக் காய்ச்சலில் பெரியவர்களுக்கே 3,000-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இவனோ ஒல்லிப் பையன், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன்.

சாப்பிடாதவன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. அப்படி உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சுப்பொருளாக மாறுகிறது. அதை அடக்க குளூட்டாதயோன் என்ற பொருளை ஈரல் கைவசம் வைத்திருக்கிறது. பட்டினி கிடந்தால் அந்த இருப்பு குறைந்துவிடும். அளவு மீறிய மாத்திரையும் குறைந்த இருப்பும் ஒன்றுசேர்ந்தால் நச்சு ஈரல் செல்லையே கொல்லத் தொடங்கும். டெங்கு வைரஸ் ஏற்கெனவே அதே செல்களில் புகுந்து பெருகிக்கொண்டிருக்கும் நேரம் அது. அளவோடு கொடுத்தால் டெங்குவில் பாராசிட்டமாலைவிடப் பாதுகாப்பான காய்ச்சல் மருந்து வேறில்லை, இதையும் அழுத்திச் சொல்கிறேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எல்லாம் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தக்கசிவுக்கு வழிவிடுபவை. அவை டெங்குவுக்கு ஆகவே ஆகாது. "ஒரு ஊசி போட்டு விடுங்க சார்" என்று கேட்டு வாங்கும் வலி ஊசிகளிலும் பெரும்பாலும் இவைதான் இருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று அல்லது நாலு வேளை, அவ்வளவுதான். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அக்கா பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலை எடுத்துத் தம்பி பிள்ளைக்கு அதே மூடியால் அளந்து ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடலாம், சொட்டு மருந்து என்றால் இன்னும் பல மடங்கு.

மருந்து ஒருபுறம் இருக்க, டெங்கு வைரஸே ஈரலை மூன்று வழியில் தாக்குகிறது. நேரடியாக ஈரல் செல்களிலும், அங்கே காவல் இருக்கும் குப்ஃபர் செல்களிலும் புகுந்து அவற்றைச் சாகடிக்கிறது. வைரஸை விரட்ட உடம்பு அனுப்பும் எதிர்ப்புப் படையும் அது கொட்டும் ரசாயனங்களும் ஈரலைச் சேர்த்துப் பதம்பார்க்கின்றன. மூன்றாவதுதான் மிகக் கொடியது. டெங்குவில் ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிய ஆரம்பித்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறிவிடுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலைச் சுற்றி வரும் சிரை ரத்தம். அதில் ஆக்சிஜன் முன்பே குறைவு. அதுவும் வற்றினால் ஈரல் மூச்சுத் திணறிப்போகும். எஸ்ஜிஓடியோ எஸ்ஜிபிடியோ 1,000-ஐத் தொட்டால் அது தீவிர டெங்கு என்று 2009-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது இதனால்தான். அதற்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்க்கிற பேச்சே கூடாது.

"கண்ணு மஞ்சளா இல்லையே, அப்போ ஈரலுக்கு ஒண்ணுமில்லதானே?" இதுவும் அடிக்கடி கேட்பதுதான். காமாலைக் கிருமிகள் தாக்கினால் எஸ்ஜிபிடிதான் பொதுவாக மேலே நிற்கும், கண் மஞ்சளாகும். டெங்குவில் எஸ்ஜிஓடி அதிகமாகவும் எஸ்ஜிபிடி அதற்குக் கீழேயும் இருக்கும். எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது, அடித்துப்போட்டது போல வலிக்கும் தசைகளும் தங்கள் பங்கைக் கொட்டுகின்றன என்பது ஒரு காரணம். கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் கண் மஞ்சளாகாது. அதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது வயிறு. விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே தொட்டால் வலி.

இவை தலைகாட்டும் நேரம்தான் நம்மை ஏமாற்றுவது. டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். உடம்பு சில்லென்று ஆனதும் வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுகிறார்கள், டிஸ்சார்ஜ் கேட்கிறார்கள். ரத்தக்குழாய் கசிவு அந்த ஒன்றிரண்டு நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நொதிகள் அதற்கும் பின்னால், ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்த நிலையில் உச்சம் தொடும். காய்ச்சல் விட்டும் பிள்ளை துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் எரிந்து விழுகிறது, பேச்சு முன்னுக்குப்பின் முரணாக வருகிறது என்றால் அது அசதி என்று விட்டுவிடாதீர்கள். ஈரல் செயலிழந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், வெளியேற வேண்டிய அமோனியா மூளையைத் தாக்கும். இந்தக் கட்டத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. போனவர்களை மீட்பது வெகு கடினம்.

தட்டணு பற்றி ஒரு வார்த்தை. ரத்தம் உறைய அவை மட்டும் போதாது, ஈரல் தயாரிக்கும் உறைவுப் புரதங்களும் வேண்டும். ஈரல் சோர்ந்தால் தட்டணு ஓரளவு இருந்தும் ரத்தம் கசியலாம். 20,000 அல்லது அதற்குக் கீழே தட்டணு இருந்தும் பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியதில் ரத்தக்கசிவைத் தடுக்க முடியவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த, 2017-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பக்கவிளைவுகள்தான் கூடின. நள்ளிரவில் கொடையாளர் தேடி அலைகிற குடும்பங்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்தப் பாட்டில் பாதி பேருக்கு மேல் தேவையே இல்லாதது என்பது என் உறுதியான எண்ணம்.

2012-ல் தமிழகத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தபோது மோசமாக அடிபட்டது எங்கள் திருநெல்வேலி மாவட்டம். நிலவேம்புக் குடிநீர் தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்டதும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். சித்த மருத்துவர் சொல்லும் அளவில் அதைக் குடிப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் பப்பாளி இலையை அரைத்து டம்ளர் டம்ளராகக் குடிக்கவைப்பதும், எஸ்ஜிபிடி ஏறியது தெரிந்ததும் கீழாநெல்லியை விழுதாக உருட்டிக் கொடுப்பதும் வேண்டாம். குமட்டலில் இருப்பவர் அந்தக் கசப்பில் வாந்தி எடுக்கிறார். அது நோயின் அபாய அறிகுறியா, இலைச்சாற்றின் வேலையா என்று எங்களுக்குப் பிரித்தறிய முடியாமல் போகிறது. அந்த ஒரு வாரம் ஈரலுக்கு எந்தப் புது வேலையும் கொடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி. அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் கரைசல், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

அந்தப் பையனை உள்நோயாளியாக வைத்தோம். மூன்று கவர்களும் குப்பைக்குப் போயின. சொட்டுச் சொட்டாகத் திரவம் ஏற்றி, நாடித் துடிப்பையும் சிறுநீரையும் மணிக்கணக்கில் பார்த்தோம். எஸ்ஜிஓடி மேலும் ஏறி, பிறகு இறங்கியது. "பசிக்கு" என்று அவன் கேட்ட காலையில்தான் அவன் அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தப்பித்தவர்களின் ஈரல் முழுசாகத் தேறிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் நொதிகள் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும், டெங்கு நாள்பட்ட ஈரல் நோயாக நிலைப்பதில்லை. மாதக்கணக்கில் ஈரல் டானிக் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். மதுப் பழக்கம் உள்ளவர்கள், மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்கள், ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்கள், காசநோய் மருந்து எடுப்பவர்கள் மட்டும் முதல் நாளே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நொதிகள் இயல்புக்கு வந்ததைத் தாளில் பார்க்கும்வரை மது குடிக்கக் கூடாது.

இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கொடுத்த மாத்திரையின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், அட்டையையும் எறியாமல் கொண்டுவாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியோ வாந்தியோ தூக்கக் கலக்கமோ தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.